புங்கனூத்தில் இன்னிக்குக் கிராசிங் உண்டுங்களா?

எங்கள் பழைய ஸ்டேஷன் மாஸ்டர்கள் வாட்ஸாப் குழுவில் போன வாரம் ஒரு போட்டோ வந்தது. புத்தம் புது மஞ்சள் பெயர்ப்பலகை, மூன்று மொழிகளில் புங்கனூத்து. பக்கத்தில் கிரானைட் பெஞ்சு, சோலார் விளக்கு, செல்ஃபி எடுத்துக்கொள்ள இரும்புக் கம்பியில் செய்த ஓர் இதயம். அனுப்பியவர் இன்னும் சர்வீஸில் இருக்கும் ஒரு தம்பி. கீழே எழுதியிருந்தார்: “சார், உங்க ஸ்டேஷன் செம்மையா ஆயிடுச்சு! ஜூனியருங்களுக்காக உங்க அனுபவத்த எழுதுங்க சார்.”

எழுதுகிறேன் தம்பி. நீங்கள் கேட்கவில்லையென்றால் நான் பாட்டுக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு டி.வி. பார்த்துக்கொண்டிருப்பேன். கேட்டுவிட்டீர்கள். அந்தக் கிரானைட் பெஞ்சில் உட்கார்ந்து யாரும் எந்த வண்டிக்கும் காத்திருக்க முடியாது, ஏனென்றால் அங்கே எந்த வண்டியும் நிற்பதில்லை. வண்டி நின்ற காலத்தில் பெஞ்சு கேட்டோம். சிமெண்ட் மூட்டைகூட வரவில்லை. வண்டியை நிறுத்திவிட்டுப் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். இதயம் வேறு.

நான் வயசாகி ரிட்டயர் ஆனவன் அல்ல. சர்க்கரையும் பி.பி.யும் ஒன்றாகச் சேர்ந்து கையெழுத்துப் போட்டதால் ஐம்பத்துமூன்றிலேயே விருப்ப ஓய்வு வாங்கி வந்தவன். அந்த இரண்டு வியாதிகளும் வருவதற்கு முன்பே எனக்கு ஒரு வியாதி உண்டு. பதற்றம். டிரெய்னிங் ஸ்கூலில் வாத்தியார் கேட்டார்: “எதிரும் புதிருமா ரெண்டு வண்டி ஒரே லைன்ல வருது. ஸ்டேஷன் மாஸ்டர் முதல்ல என்ன செய்யணும்?” நான் எழுந்து நின்று, “லீவு போடணும் சார்” என்றேன். வகுப்பு சிரித்தது. நான் தமாஷுக்குச் சொல்லவில்லை. டிரெய்னிங் பற்றி இவ்வளவு போதும்.

பதற்றம் வந்தால் எனக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஸ்டேஷனில் ஒரு மண்குடம் இருந்தது. பாயிண்ட்ஸ்மேன் பெருமாள், அதாவது வண்டிக்குக் கொடி காட்டுவது, தண்டவாளப் பாதையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் வேலை, அந்தக் குடத்தை வைத்துத்தான் அன்றைய நிலவரத்தைச் சொல்லுவார். “சார், அரைக் குடம் போயிருச்சு. மேலாபீஸ்ல இருந்து யாரு வராங்க?”

புங்கனூத்து சேலத்துக்கும் ஓசூருக்கும் நடுவில், ஒற்றை லைனில் இருக்கும் ஸ்டேஷன். ஒற்றை லைன் என்றால் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் எங்கேயாவது ஒரு ஸ்டேஷனில் ஒன்றுக்கொன்று வழி விட்டாக வேண்டும். ஒன்று ஒதுங்கி நிற்கும், மற்றது கடந்து போகும். அதற்குப் பெயர் கிராசிங். எங்களிடம் இரண்டு லைன். பிளாட்பாரத்தை ஒட்டி நேர் லைன். அதற்கு அந்தப் பக்கம், வெறும் ஜல்லி மேல், லூப் லைன். ஒதுங்கும் வண்டிக்கு லூப்.

அட்டவணைப்படி எங்கள் ஊரில் நின்றது ஒரே ஒரு பாசஞ்சர் வண்டி. காலையில் சேலம் பக்கம் போகும். சாயங்காலம் திரும்பும். தர்மபுரிக்கு வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவனுக்கு அந்த நேரம் எதற்கும் உதவாது. உதவுகிற நேரத்தில், காலையில், தர்மபுரி பக்கம் ஓர் எக்ஸ்பிரஸ் போகும். அதற்கு எங்கள் ஊரில் நிறுத்தம் கிடையாது. அடுத்த ஸ்டேஷனான மூக்கன்பாறையில் நிற்கும். அங்கே ஏதோ பெரிய மனிதரின் மாமியார் வீடு இருப்பதாகப் பேச்சு. எங்கள் ஊரில் யாருக்கும் அவ்வளவு உபயோகமான மாமியார் அமையவில்லை.

ஆனால் ஒற்றை லைன் அல்லவா? வாரத்தில் பாதி நாள் எதிரே ஒரு கூட்ஸ் வந்து, எக்ஸ்பிரஸ் எங்கள் லூப்பில் ஒதுங்கி நிற்கும். இதை ஊர் கண்டுபிடித்துவிட்டது. விடிந்ததும் சைக்கிளில் ஒருவர், பால் கேனோடு ஒருவர், சர்ச்சுக்குப் போகிற வழியில் ஒருவர் என்று ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கேட்பார்கள்: “மாஸ்டரு, இன்னிக்குக் கிராசிங் உண்டுங்களா?” எல்லா ஊரிலும் வண்டி நேரம் கேட்பார்கள். எங்கள் ஊரில் கிராசிங் கேட்பார்கள். உண்டு என்றால் அரை மணியில் லூப் ஓரம் கூட்டம் நிற்கும். ஜல்லியிலிருந்து பெட்டிக்கு ஏற உயரம் அதிகம். அதற்குத் தக்காளி ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட்களைக் கவிழ்த்துப் படி மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். நர்சிங் படிக்கும் பெண்கள், கொத்து வேலைக்குப் போகிறவர்கள், கோர்ட்டு வாய்தாக்காரர்கள் என்று எல்லோரும் அந்த கிரேட் மேல் ஏறித்தான் வாழ்க்கையில் முன்னேறினார்கள்.

இதில் ஒரு சிக்கல். நிறுத்தம் இல்லாத வண்டிக்கு எங்கள் மெஷினில் டிக்கெட் வராது. ஊர்க்காரர்கள் ஓசிப் பயணம் போகிறவர்கள் இல்லை. அதனால் மூக்கன்பாறையில் வண்டி நின்றதும் ஒருவர் இறங்கி, கவுண்டருக்கு ஓடி, மொத்த கோஷ்டிக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்ப ஓடி வந்து ஏற வேண்டும். அந்த ஓட்டத்தை ஓடியது ரோஸ்லின் அக்கா. நாற்பது வயசைத் தாண்டியவர், கனத்த உடம்பு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினால் மூக்கன்பாறை மாஸ்டரே வழி விடுவார் என்பார்கள். “பையனுங்கள அனுப்பலாமே அக்கா” என்றதற்கு, “அவனுங்க போனைப் பாத்துக்கிட்டே ஓடுவானுங்க மாஸ்டரு. நான் ஓடுனா வண்டியே பயந்து நிக்கும்” என்றார்.

அவர் ஓடியதற்குக் காரணம் இருந்தது. அவர் கணவர் சவரிமுத்துவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் இரண்டு முறை தர்மபுரி ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். பஸ் உண்டு, ஆனால் அது ஊருக்குள் வராது. ஓடைக்கு அந்தப் பக்கம் ரோட்டுக்கு நடந்து போக வேண்டும். அவரால் நடக்க முடியாது. கிராசிங் இருந்தால் ரயில். இல்லாத நாளில் கடன் வாங்கி ஆட்டோ. மற்றவர்களுக்கு அந்த வண்டி சௌகரியம், சவரிமுத்துவுக்கு உயிர்.

சவரிமுத்து ஒரு குறும்புக்காரர். லூப் ஓரம் கிரேட் மேல் உட்கார்ந்துகொண்டு, “மாஸ்டரு, கூட்ஸ் டிரைவருக்கு ஒரு முட்டை பிரியாணி வாங்கிக் குடுத்து தெனமும் இந்த நேரத்துக்கு வரச் சொல்லுங்களேன்” என்பார்.

அந்த வருஷம் ஐப்பசியில் மூன்று நாளாக விடாத மழை. மூன்றாம் நாள் காலை பாசஞ்சரில் ஸ்டேஷன்களைச் சோதிக்கும் டிராஃபிக் இன்ஸ்பெக்டர் நரசிம்மலு வந்து இறங்கினார். இன்ஸ்பெக்‌ஷன். அவர் இறங்குவதைப் பார்த்ததுமே நான் இரண்டு சொம்பு குடித்தேன்.

நரசிம்மலு சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கத்த மாட்டார். மாஸ்டர் நாற்காலியில் உட்கார மாட்டார். “அது டூட்டில இருக்கறவர் சீட்டு” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார். பெருமாளைக்கூட “வாங்க” என்றுதான் கூப்பிடுவார். உங்களை ஒரு கேள்வி கேட்பார். நீங்கள் பதில் சொல்வீர்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி பையில் வைத்திருக்கும் பழைய வேட்டிக் கிழிசலில் துடைத்தபடி, “அப்புறம்?” என்பார். அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் ஒரு அப்புறத்தோடு முடிந்துவிடும். பொய் சொன்னால் அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நம் பொய்யை நாமே கட்டிக்கொண்டு போய், ஓர் இடத்தில் கூரை போட முடியாமல் நிற்போம்.

அன்றைக்கு ஜன்னல் வழியாக லூப் பக்கம் பார்த்தார்.

“அந்த கிரேட்லாம் என்ன?”

“தக்காளி கிரேட் சார்.”

“அப்புறம்?”

“தக்காளி அனுப்பறதுக்கு சார்.”

“தக்காளி எங்க?”

“இப்ப சீசன் இல்லீங்க சார்.”

“அப்புறம் ஏன் படிக்கட்டு மாதிரி இருக்குது?”

“மழை சார். காத்துல தானா அப்படி…”

“அப்புறம்?”

காற்று வந்து படிக்கட்டுக் கட்டியதாக அதற்கு மேல் எப்படிச் சொல்வது? மொத்தத்தையும் சொல்லிவிட்டேன். கிராசிங், கூட்டம், ரோஸ்லின் அக்காவின் ஓட்டம், சவரிமுத்து எல்லாம். நிறுத்தமில்லாத வண்டியில் ஆள் ஏற விடுவது ரூல்படி தப்பு. சஸ்பென்ஷன் ஆர்டரில் என் பெயரின் எழுத்தைச் சரியாகப் போடுவார்களா என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். பெருமாள் குடத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கிணற்றுக்குக் கிளம்பினார்.

நரசிம்மலு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “வாரத்துக்கு பாதி நாள் இத்தன பேர் ஏறுறாங்க. நம்ம கணக்குல ஒருத்தர்கூட இல்ல. மூக்கன்பாறைக்காரன் நல்ல பேரு வாங்கறான். உங்களுக்குக் கோவம் வரலியா?” என்றார்.

எனக்குப் பயம்தான் வந்திருந்தது. கோபம் வர வேண்டிய விஷயம் என்று அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அது அன்று வந்தது, இன்றுவரை போகவில்லை.

அப்போதுதான் வெளியே சத்தம். நான்கு பேர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் வருகிறார்கள். நாற்காலியில் சவரிமுத்து, நெஞ்சைச் சுற்றி ஒரு துண்டால் கட்டி. முகம் வீங்கி, மூச்சு இழுத்து இழுத்து வருகிறது. படுக்க வைத்தால் மூச்சு நின்றுவிடும் என்று உட்கார வைத்தே தூக்கி வந்திருக்கிறார்கள். தரைப்பாலத்தின் மேல் ஓடை போகிறது. மழையில் ஆஸ்பத்திரி முறை ஒன்று தவறிப்போயிருக்கிறது. 108 வண்டி வந்து அந்தக் கரையில் நிற்கிறது, தாண்ட முடியவில்லை.

ரோஸ்லின் அக்கா ஜவுளிக்கடைப் பையில் ஆஸ்பத்திரி ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். ஓடுகிற மனுஷி, அன்றைக்கு மெதுவாகப் பேசினார். “மாஸ்டரு, இன்னிக்குக் கிராசிங் உண்டுங்களா?”

கிராசிங் இல்லை. அன்றைய ஏற்பாடு எனக்குத் தெரியும். கூட்ஸ் மூக்கன்பாறையிலேயே காத்திருக்க, எக்ஸ்பிரஸ் எங்கள் ஸ்டேஷனை நிற்காமல் கடந்து அங்கே போய் அதைக் கிராஸ் பண்ணும்.

எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சவரிமுத்து கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “மாஸ்டரு… என்னைவிட நீங்கதான்… அதிகமா இழுக்கறீங்க. நாற்காலி… வேணுங்களா?”

கன்ட்ரோலுக்குப் போன் போட்டேன். எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று தலைமை இடத்தில் உட்கார்ந்து முடிவு செய்பவர் கன்ட்ரோலர்.

“சார், புங்கனூத்து. எக்ஸ்பிரஸ்ஸ ஒரு நிமிஷம் நிறுத்தணும் சார். பேஷண்ட் சீரியஸ்.”

“அங்க ஸ்டாப்பேஜ் இல்லியே.”

“இல்லதான் சார். அதனாலதான் கேக்கறேன்.”

“டாக்டர் லெட்டர் இருக்கா?”

“டாக்டர் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்காரு சார்.”

“அப்ப லெட்டர அந்தப் பக்கத்துல இருந்து வாங்கிக்கிட்டு வாங்க.”

“ஓடைய தாண்ட முடிஞ்சா நான் ஏன் சார் ரயிலைக் கேக்கறேன்?”

“மேல கேட்டுட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டார். ஜூனியர்களே, ‘மேல’ என்றால் எங்கே என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சர்வீஸ் முழுக்க மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுக் கூரையும் பல்லியும்தான் தெரிந்தன.

போன் வரவில்லை. எக்ஸ்பிரஸ் எங்களுக்கு முந்தைய ஸ்டேஷனை நெருங்கிக்கொண்டிருந்தது. நரசிம்மலு ஸ்டூலிலிருந்து எழுந்தார். என்னிடம் கேட்டார்: “மூக்கன்பாறைல கூட்ஸ் எதுல நிக்குது?”

“லூப்ல சார்.”

“அதுக்குப் பின்னாடி?”

“இன்னொரு வண்டி தர்மபுரில கெளம்பத் தயாரா நிக்குது சார்.”

“அப்புறம்?”

“எக்ஸ்பிரஸ்ஸும் மூக்கன்பாறைக்குள்ள போச்சுன்னா அங்க ரெண்டு லைனும் அடைச்சுக்கும் சார். பின்னாடி வண்டி வெளியிலதான் நிக்கணும்.”

“இத ஏன் கன்ட்ரோலுக்குச் சொல்லல?”

போனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, கன்ட்ரோலை அவரே கூப்பிட்டார். நோயாளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்ஸை இப்போதே புங்கனூத்துக்குக் கிளப்பிவிட்டால் மூக்கன்பாறை காலியாகும், பின்னால் நிற்கும் வண்டி நேரத்துக்கு வரும், எக்ஸ்பிரஸ் புங்கனூத்தில் கொஞ்சம் நின்றாலும் மொத்தத்தில் லாபம்தான் என்று, காய்கறி விலை பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். அந்தப் பக்கம் யோசித்தார்கள். பிறகு சரி என்றார்கள். மனுஷனுக்காக நிற்காத வண்டி, இன்னொரு வண்டிக்காக நிற்கச் சம்மதித்தது. இதை எழுதும்போது இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

“ரோஸ்லின் அக்கா, கிராசிங் உண்டு!” என்று பெருமாள் வெளியே கத்தினார். நாலு பேரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில், லூப் பக்கம் ஓடினார்கள்.

பழக்கதோஷம் அவர்களுக்கு மட்டுமா? நான் பேனலுக்கு முன்னால் போய் நின்றேன். பேனல் என்பது ஸ்டேஷனின் வரைபடம் போட்ட மேஜை. இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்தினால் வண்டிக்குப் பாதை அமைந்து சிக்னல் விழும். இத்தனை வருஷமாகக் கிராசிங் என்றால் என் விரல் லூப் பட்டனுக்குத்தான் போகும். அழுத்திவிட்டேன். வெள்ளைக் கோடு லூப் வழியாக எரிந்தது. எனக்கு ஒரே பெருமை. பதற்றத்திலும் வேலையை முடித்துவிட்டேனே!

முதுகுக்குப் பின்னால் குரல்: “அப்புறம்?”

“அப்புறம் என்ன சார், எக்ஸ்பிரஸ் லூப்ல வந்து நிக்கும்.”

“அப்புறம்?”

“ஜனங்க ஏறுவாங்க.”

“சவரிமுத்து?”

அப்போதுதான் உறைத்தது. லூப்பில் பிளாட்பாரம் கிடையாது. உட்கார்ந்தே மூச்சு விட முடியாத மனிதரைத் தக்காளி கிரேட் மேல் நிறுத்தி, ஆள் உயரப் படியில் எப்படி ஏற்றுவது? எக்ஸ்பிரஸ்ஸை நேர் லைனில், பிளாட்பாரத்துக்கு வாங்கி, கூட்ஸைத்தான் லூப்பில் விட வேண்டும்.

போட்ட பாதையை நினைத்தவுடனே மாற்ற முடியாது. ரத்து பண்ணினால் கருவி உடனே விடாது. வண்டி ஏதும் அந்தச் சிக்னலை நம்பி வந்துவிட்டதோ என்ற சந்தேகத்துக்காக, இரண்டு நிமிஷம் நம்மைக் காக்க வைத்துத்தான் பூட்டைத் திறக்கும். நல்ல ஏற்பாடு. என்னை மாதிரி ஆட்களை மனதில் வைத்துத்தான் செய்திருப்பார்கள். எக்ஸ்பிரஸ் அப்போதுதான் முந்தைய ஸ்டேஷனைத் தாண்டியிருந்தது, தூரத்தில். நரசிம்மலு தலையசைத்தார். ரத்து செய்தேன்.

அந்த இரண்டு நிமிஷம் நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. குடத்தைத் தேடினேன். அது பெருமாளோடு கிணற்றுக்குப் போய்த் திரும்பி வாசலில் இருந்தது. சொம்பு கிடைக்காமல் குடத்தையே தூக்கிக் குடித்தேன். பாதி சட்டையில் கொட்டியது. மைக்கை எடுத்து, “நாற்காலியைப் பிளாட்பாரத்துக்குக் கொண்டு வரவும்” என்று அறிவித்தேன். மைக் ஆன் ஆகவில்லை. ஆன் செய்ததும் என் வாயிலிருந்து, “பயணிகள் கவனத்திற்கு, சவரிமுத்து இப்போது ஒன்றாவது பிளாட்பாரத்திற்கு வந்துகொண்டிருக்கிறார்” என்று வந்தது. எங்களுக்கு இருந்ததே ஒரு பிளாட்பாரம்தான்.

லூப் பக்கத்திலிருந்து ரோஸ்லின் அக்காவின் குரல் கேட்டது: “யோவ், மாஸ்டரு உன்ன வண்டியாவே ஆக்கிட்டாரு. தூக்குங்கப்பா!”

பூட்டு திறந்தது. நேர் லைன் போட்டேன். இந்த முறை என் விரலை நரசிம்மலு பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோடு நேராக எரிந்தது. அவர் “அப்புறம்” சொல்லவில்லை. சர்வீஸில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

எக்ஸ்பிரஸ் பிளாட்பாரத்தில் நின்றது. நிற்காத ஊரில், நிற்காத லைனில் நின்றதால் ஜன்னல் எல்லாவற்றிலும் தலை. நாற்காலியோடு தூக்கிக் கதவுக்குள் வைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் சீட்டைக் காலி செய்து கொடுத்தார்கள். கார்டு இறங்கி வந்து கேட்க வாயெடுத்தார். அதற்குள் நரசிம்மலு, “இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுது, நானும் இதுல வரேன்” என்று ஏறிக்கொண்டார். கூட்ஸ் லூப்பில் நுழைந்து முழுசாக நின்றதும் எக்ஸ்பிரஸ் கிளம்பியது. பெருமாள் பச்சைக் கொடியைப் பிடித்திருந்தார். நான் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

மீதியை ரோஸ்லின் அக்கா பிறகு சொன்னார். மூக்கன்பாறையில் வண்டி நின்றதும், புருஷன் அந்த நிலைமையில் இருக்கும்போதும், அவருக்குக் கால் பரபரத்து எழுந்துவிட்டாராம். டிக்கெட் வாங்க வேண்டுமே. நரசிம்மலு, “நீங்க உக்காருங்கம்மா, அவர் கையப் புடிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு, ரிட்டயர் ஆக மூன்று மாசமே இருந்த மனிதர், தொப்பையோடு, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கவுண்டருக்கு ஓடியிருக்கிறார். “என்னளவுக்கு வேகம் இல்லீங்க மாஸ்டரு. ஆனா ஓடுனாரு” என்றார் அக்கா.

சவரிமுத்து அன்றைக்குப் பிழைத்தார். அந்த டிக்கெட்டும் மூக்கன்பாறைக் கணக்கில்தான் ஏறியது.

நரசிம்மலு ரிட்டயர் ஆவதற்குள் ஒரு நல்ல காரியம் செய்தார். புங்கனூத்தில் எக்ஸ்பிரஸ்ஸுக்கு நிறுத்தம் தர வேண்டும் என்று மேலே எழுதினார். பதில் வந்தது. எங்கள் ஸ்டேஷனிலிருந்து அந்த எக்ஸ்பிரஸ்ஸுக்கு இதுவரை ஒரு டிக்கெட்கூட விற்கவில்லையாம், ஆகவே நிறுத்தத்துக்குத் தேவை எழவில்லையாம். நிற்காத வண்டிக்கு எந்த மெஷின் ஐயா டிக்கெட் கொடுக்கும்? கதவைப் பூட்டி வைத்துவிட்டு, உள்ளே யாரும் வருவதில்லை, ஆகவே வீடே வேண்டாம் என்பதற்கு இது எந்த விதத்தில் குறைச்சல்?

இரண்டு வருஷம் கழித்து ஒரு குழு வந்தது, காரில். ரயில்வே ஸ்டேஷனைப் பார்க்க ரோடு வழியாக வந்தவர்கள் இவர்கள். அதிகம் பயன்படாத ஸ்டேஷன்களில் லூப் லைனுக்கும் பேனலுக்கும் ஆட்களுக்கும் வீண் செலவு, எடுத்துவிடலாமா என்று ஆய்வு. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளம் அதிகாரி லேப்டாப்பைத் திறந்தார். நான் முன்னாலேயே முழுக் குடம் குடித்துவிட்டுத் தயாராக இருந்தேன். அன்றைக்கு நடுங்கவில்லை. சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் சொன்னேன். லூப் ஓரம் கூட்டிக்கொண்டு போய் கிரேட்களைக் காட்டினேன்.

அவர் மரியாதையாகத்தான் பேசினார். “நீங்க சொல்றது புரியுது சார். ஆனா டேட்டா இல்லியே?”

“இதோ நிக்குதுங்களே, இருபது முப்பது டேட்டா. ஒண்ணு பால் கேனோட நிக்குது பாருங்க” என்றேன். அன்று கிராசிங் உண்டு என்று ஊர் கூடியிருந்தது.

“இவங்க யாரும் இந்த ஸ்டேஷன் பேசஞ்சர்ஸ் இல்ல சார். மூக்கன்பாறை பேசஞ்சர்ஸ்.”

பால் கேன்காரர், “அப்ப நான் மூக்கன்பாறையாங்க? எங்க வூட்ல இது தெரியாதுங்களே” என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. தமாஷ் பண்ணினால் விஷயம் சின்னதாகிவிடும் என்பது என்னைப் போன்றவர்களுக்குப் புத்தியில் ஏறுவதே இல்லை. நாற்காலியில் இருந்த சவரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. எதற்கும் சிரிக்கிற மனிதர். லூப் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லூப்பைப் பிடுங்கினார்கள். பேனலை மூட்டை கட்டினார்கள். லூப் இல்லையென்றால் கிராசிங் இல்லை, கிராசிங் இல்லையென்றால் மாஸ்டர் தேவையில்லை. என்னை வேறு இடத்துக்குப் போட்டார்கள். பெருமாளைப் பக்கத்து லெவல் கிராசிங் கேட்டுக்கு மாற்றினார்கள். கவுண்டர் மூடியது. கவுண்டர் மூடிய பிறகு டிக்கெட் விற்கவில்லை என்று பாசஞ்சரின் நிறுத்தத்தையும் எடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணத்தையும் அவர்களே முந்தைய மாசம் உண்டாக்கி வைத்திருந்தார்கள்.

ரோஸ்லின் அக்காவும் சவரிமுத்துவும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டுமென்று அதியமான்கோட்டையில் ஹைவே ஓரம் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனார்கள். அக்கா ஓட்டலில் பாத்திரம் தேய்த்தார். நான் ஒரு தடவை பார்க்கப் போயிருந்தேன். லாரிச் சத்தத்தில் பேச முடியவில்லை. “ராத்திரி பகலா வண்டி போவுது மாஸ்டரு. போறது ஒரு பக்கம், வர்றது ஒரு பக்கம். கிராசிங்கே இல்ல, போரடிக்குது” என்றார் சவரிமுத்து. ஊரைக் கேட்டார். கிரேட் எல்லாம் அங்கேயே இருக்கிறதா என்று கேட்டார்.

போன தை மாசம் அவர் போய்விட்டார். செத்தது கிட்னியால். அதை நான் ரயில்வே தலையில் கட்டப்போவதில்லை. ஆனால் பிறந்த ஊரை விட்டு, ஜன்னல் இல்லாத அறையில் சாக வேண்டி வந்தது லூப் லைனால். அதை விடப்போவதும் இல்லை.

புங்கனூத்துக் கல்லறையில்தான் புதைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். வேனில் கொண்டு வந்தார்கள். நானும் பின்னால் பைக்கில் வந்தேன். ஊருக்குள் நுழையும் இடத்தில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. பெருமாள் கேட் ரூமிலிருந்து பச்சைக் கொடியோடு வெளியே வந்தார். வேனைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கொடியை மட்டும் தாழ்த்தவில்லை, வண்டி வருகிறதே.

அதே எக்ஸ்பிரஸ். அப்போதே வைத்துவிட்டிருந்த புதுப் பெயர்ப்பலகையையும் கிரானைட் பெஞ்சையும் இரும்பு இதயத்தையும் ஒரே வீச்சில் தாண்டிக்கொண்டு வந்தது. பிடுங்கிய லூப்பின் இடத்தில் எருக்கஞ்செடி ஆடியது. வேன் கண்ணாடி அதிர்ந்தது. ரோஸ்லின் அக்கா முன் சீட்டிலிருந்து தலையை வெளியே நீட்டினார். அழுது முடித்த முகம்.

“பாருங்க மாஸ்டரு. செத்த பொறவும் இவர நிக்க வெச்சுட்டுத்தான் போவுது” என்றார்.

எனக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் போலிருந்தது. பைக்கை விட்டு இறங்கினேன்.  கால் தானாகவே, கேட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த ஸ்டேஷனில், குடம் இருந்த அறைக்கு நடந்தது. கதவில் பெரிய பூட்டு தொங்கியது.